புதர் மண்டிய கொல்லைப்புறத்தை எல்லோரும் போய்வரும் தோட்டமாக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டுக் கொல்லைப்புறம் ஏழெட்டு வருடம் யாரும் எட்டிப் பார்க்காமல் கிடந்தது. அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து, முதலில் வாக்கர், அப்புறம் சக்கர நாற்காலி என்று ஆன பிறகுதான் அதில் கை வைத்தோம். செய்ததில் பாதியை இடித்துவிட்டு இரண்டாம் முறை செய்தோம். அது தெரிந்ததிலிருந்து உறவுக்காரர்கள், நண்பர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று ஆளாளுக்கு அதே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதிலைக் கீழே போட்டிருக்கிறேன்.

1. ஆள் உயரத்துக்குப் புதர் மண்டிக் கிடக்கு. முதல்ல எதைச் செய்யணும்?

அரிவாளை எடுக்காதீர்கள். முதலில் கொல்லைக் கதவருகே ஒரு நாற்காலி போட்டு, அந்தத் தோட்டத்தை யார் பயன்படுத்தப் போகிறாரோ அவரை உட்கார வைத்து, அவர் பக்கத்தில் நீங்களும் உட்காருங்கள். அங்கிருந்து என்ன தெரிகிறது, எங்கே போக ஆசைப்படுகிறார், காலையில் வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, மாலையில் நிழல் எங்கே தங்குகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். நாங்கள் இதைச் செய்யவில்லை. நேராகக் கொல்லையின் கடைசி மூலையிலிருந்து ஆரம்பித்தோம். அம்மாவுக்கு அந்த மூலைக்குப் போக வேண்டும் என்ற எண்ணமே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அடுத்ததாக, மண்ணுக்கு அடியில் இருப்பதைக் கண்டுபிடித்து அடையாளத்துக்குத் துணிக்கொடி நட்டுவையுங்கள்: கழிவுநீர்த் தொட்டியின் மூடி, தண்ணீர்க் குழாய், மின்கம்பி, பழைய கிணறு அல்லது குழி. புதருக்குள் மூடியில்லாத குழி இருந்தால், அதை யாராவது காலால்தான் கண்டுபிடிப்பார்கள்.

2. வீல்சேர் போற மாதிரின்னா தோட்டம் முழுக்க சிமென்ட் போட்டுடணுமா?

வேண்டவே வேண்டாம். கதவிலிருந்து கிளம்பி, போக வேண்டிய இடங்களைத் தொட்டு, திரும்பி வரும் ஒரே ஒரு தொடர்ச்சியான பாதை போதும். அது மூன்று குணத்தோடு இருக்க வேண்டும்: அமுங்கக் கூடாது, அசையக் கூடாது, ஈரத்தில் வழுக்கக் கூடாது. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் தனியாகப் போய்வர முடியாது, ஒருவர் கூடவே வர வேண்டும்.

பாதைக்கு வெளியே உள்ள இடம் புல்லோ புதரோ எப்படியும் இருக்கலாம். எங்கள் கொல்லையில் மூன்றில் ஒரு பங்கை அப்படியே காடாக விட்டிருக்கிறோம். பட்டாம்பூச்சியும் தவிட்டுக்குருவியும் அங்கேதான் வருகின்றன, அம்மா பார்ப்பதும் அதைத்தான்.

3. வெட்டும்போது பாம்பு கீம்பு இருந்தா?

இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். முழங்கால்வரை உயரமான பூட்ஸ், கனமான கையுறை, நீளமான கம்பு மூன்றும் இல்லாமல் இறங்க வேண்டாம். வீட்டுப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக வெட்டிக்கொண்டு போங்கள். அதுவும் தப்பித்துப் போக வழி வேண்டும். வெட்டுவதற்கு முன் கம்பால் தட்டி, சற்று நின்று, பிறகு வெட்டுங்கள். செங்கல் குவியல், பழைய தகரம், விறகு இவற்றைக் கையால் புரட்டாதீர்கள். வெட்டியதை அன்றன்றே அப்புறப்படுத்துங்கள், குவித்து வைத்தால் அதற்குள்ளேயே வந்து தங்கும்.

ஒருவேளை கடித்துவிட்டால் கட்டு இறுக்குவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் கூடாது. மோதிரம், வளையலைக் கழற்றி, கடிபட்ட கைகாலை அசைக்காமல் வைத்து நேராக மருத்துவமனை. பாம்பைத் தேடிப் பிடிக்கவும் நேரம் செலவிடக் கூடாது.

இன்னொன்று, குவித்துக் கொளுத்துவது. சில செடிகளின் பாலும் எண்ணெயும் புகையில் கலந்து கண்ணையும் நுரையீரலையும் பதம் பார்க்கும். மட்கவிடுங்கள், பின்னால் மண்ணை மூடிப் பரப்பும் மூடாக்குக்கு உதவும்.

4. வெட்டிப் போட்ட ரெண்டே வாரத்துல திரும்ப முளைச்சிடுதே, என்னதான் பண்றது?

எந்தக் களை என்று முதலில் பாருங்கள். விதையால் பரவுவதா, வேரால் பரவுவதா என்பதைப் பொறுத்து வழி மாறும். பார்த்தீனியம் விதையால் பரவும். ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை போடும். பூக்கும் முன்பே வேரோடு பிடுங்க வேண்டும். தோல் அரிப்பு வரும் என்பதால் கையுறை கட்டாயம்.

கோரை வேறு ரகம். மேலே தெரிவது புல், கீழே ஒன்றோடு ஒன்று கோத்த கிழங்குகள். மண்ணைக் கொத்திக் கிளறினால் கோத்திருந்த கிழங்கு பிரிந்து, ஒவ்வொன்றும் தனிச்செடியாக வரும். ஆத்திரத்தில் நாங்கள் ஒரு முறை முழுக்கக் கொத்தினோம். அடுத்த மாதம் கம்பளம் விரித்தது போல வந்தது. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, புது இலை கிழங்குக்குச் சாப்பாடு போடுவதற்கு முன் பிடுங்கிக்கொண்டே இருந்தால் கிழங்கு இளைத்துச் சாகும். பொறுமைதான் மருந்து.

மற்றவற்றுக்கு, நல்ல வெயில் காலத்தில் மண்ணை நனைத்து, கண்ணாடி போல ஒளி ஊடுருவும் பாலித்தீனை இறுக்கமாக விரித்து, ஓரங்களை மண் போட்டு மூடி 4 முதல் 6 வாரம் விடலாம். உள்ளே ஏறும் சூட்டில் விதைகள் செத்துப்போகும். கோரைக் கிழங்கு இதற்கு அவ்வளவாக மசியாது. வெயில் குறைந்த இடத்தில் கெட்டி அட்டைகளை ஒன்றன் மேல் ஒன்று ஏறும்படி பரப்பி, மேலே 10 செ.மீ. சருகு மூடாக்கு போடுங்கள். எந்த முறையானாலும் பாதை போடுவதற்கு முன்பே களையை முடித்துவிட வேண்டும். கல் பாவிய பிறகு இடுக்கில் வரும் கோரையைப் பிடுங்குவது பெரும்பாடு.

5. ஜேசிபி விட்டா அரை நாள்ல முடிஞ்சுடுமே?

முடியும். வேரோடிய பெரிய தூர்களுக்கு அது தேவையும்கூட. ஆனால் முதல் கேள்வியில் சொன்ன அடையாளக் கொடிகளை நடாமல் விடாதீர்கள். எந்திரத்தின் எடையில் மண் இறுகிவிடும். செடி வைக்கப்போகும் பக்கம் அதை ஓட்டவிட்டால் பிறகு தண்ணீர் இறங்காது. பாதை வரப்போகும் தடத்திலேயே வந்து போகச் சொல்லுங்கள், அங்கே மண் இறுகினால் நமக்கு லாபம். மேல்மண்ணைத் தனியாக ஒதுக்கிவைக்கச் சொல்லவும் மறக்காதீர்கள்.

6. நடுவுல ஒரு பழைய மரம் நிக்குது. வெட்டிடலாமா?

பட்டுப்போன மரம், சாய்ந்த மரம் என்றால் சரி. இல்லையென்றால் விட்டுவிடுங்கள். புதிதாக வைக்கும் எந்தச் செடியும் அந்த நிழலைத் தரப் பத்துப் பதினைந்து வருடம் ஆகும், நமக்கு வேண்டிய ஆளுக்கு வயது எழுபதைத் தாண்டியிருக்கும்.

அடிமரத்தைச் சுற்றி மண்ணை உயர்த்தி மூடாதீர்கள், மெல்ல அழுகும். தடித்த வேர்களை வெட்டிப் பாதை விடுவதும் ஆபத்து. அடுத்த பெருங்காற்றில் மரம் சாயலாம். பாதையை வளைத்துக் கொண்டுபோவதே நல்லது. பாதைக்கு மேலே தொங்கும் கிளைகளைத் தரையிலிருந்து 2.1 மீட்டர்வரை கழித்துவிடுங்கள். பழமும் பூவும் கொட்டி நசுங்கும் மரமானால் பாதையை அதன் அடியில் கொண்டுபோகாதீர்கள், தினமும் வழுக்கும்.

7. பாதை எவ்வளவு அகலம் வேணும்? மூணு அடி போதாதா?

சக்கர நாற்காலிகள் பொதுவாக 65 முதல் 70 செ.மீ. அகலம். சக்கரத்தைத் தள்ளும் முழங்கை இரண்டு பக்கமும் வெளியே வரும். ஆகவே 90 செ.மீ., அதாவது மூன்றடி, குறுகலான ஓரிடத்தைக் கடக்கப் போதும். முழுப் பாதைக்கும் 120 செ.மீ. வைத்தால் கூட ஒருவர் பக்கத்தில் நடக்கலாம். இரண்டு நாற்காலிகள் ஒன்றையொன்று கடக்க 180 செ.மீ. வேண்டும், வீட்டுத் தோட்டத்தில் அது அநேகமாகத் தேவைப்படாது.

அதைவிட எல்லோரும் மறப்பது திரும்பும் இடம். பாதை முடியும் இடத்திலும் கூர்மையான முனையிலும் 150 செ.மீ. விட்டமுள்ள வட்டம் இல்லையென்றால், வந்த வழியே பின்னோக்கித்தான் உருட்டிப் போக வேண்டும். தரையில் கயிறு போட்டு அல்லது அட்டையை வெட்டி வைத்து, நாற்காலியை உண்மையிலேயே ஓட்டிப் பாருங்கள். தாளில் சரியாக இருப்பது தரையில் இடிக்கும்.

8. படிக்கட்டுக்குப் பதிலா சாய்தளம் போடணும். எவ்வளவு சரிவு?

1:12க்கு மேல் செங்குத்தாக இருக்கக் கூடாது. ஒரு செ.மீ. உயரத்துக்கு 12 செ.மீ. நீளம். அமெரிக்காவின் 2010ஆம் ஆண்டு அணுகல் தரநிலையிலும் இதுதான் உச்ச வரம்பு, இன்னும் பல நாட்டு விதிகளிலும் இதே கணக்கு. உச்ச வரம்பு என்பதை வசதியான அளவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கை பலம் குறைந்தவர்களுக்கு 1:15 அல்லது 1:20 நல்லது.

எங்கள் கதை இது. மூன்று படி, மொத்தம் 45 செ.மீ. உயரம். கொத்தனார் இரண்டு மீட்டரில் சாய்தளம் கட்டிக் கொடுத்தார், பார்க்க அழகாகத்தான் இருந்தது. கணக்குப் போட்டால் 1:4.4. நான் பின்னாலிருந்து தள்ளும்போதே மூச்சு வாங்கியது. இறங்கும்போது அம்மா கைப்பிடியை விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். இடித்தோம். 45 செ.மீ. உயரத்துக்கு 1:12 என்றால் 5.4 மீட்டர், மேலும் கீழும் தலா 1.5 மீட்டர் சமதளம் சேர்த்து 8.4 மீட்டர்.

சரிவுக்கு நடுவே சமதளம் எப்போது வேண்டும் என்றால், ஒரே ஓட்டத்தில் ஏறும் உயரம் சுமார் 75 செ.மீ.யைத் தாண்டும்போது. இரண்டு பக்கமும் 85 முதல் 95 செ.மீ. உயரத்தில் கைப்பிடி வேண்டும். சரிவு முடிந்த பிறகும் அது 30 செ.மீ. நீண்டிருக்கட்டும். உள்ளங்கை முழுதாகச் சுற்றிப் பிடிக்கும் உருண்டைக் குழாயாக இருக்கட்டும். திறந்த ஓரங்களில் சக்கரம் நழுவாமல் 10 செ.மீ. உயரத் தடுப்பு போடுங்கள்.

9. அவ்வளவு நீளத்துக்கு எங்க இடம் இருக்கு?

நேராக நீட்ட வேண்டியதில்லை. சுவரை ஒட்டிக் கொண்டுபோய் மடக்கலாம். மடங்கும் இடத்தில் மட்டும் 150 செ.மீ. சதுரச் சமதளம் விடுங்கள். எங்களுடையது அப்படித்தான், மடிப்புக்குள் கிடைத்த முக்கோணத்தில் ஒரு பாத்தி வந்துவிட்டது.

இன்னொரு வழியும் உண்டு. புதரை எடுத்துத் தரையைச் சீராக்கும்போது, வீட்டுப் பக்கம் மண்ணை உயர்த்தி, தோட்டத்தின் பாதையையே 1:20க்கும் மெதுவான சரிவில் மேலே கொண்டுவரலாம். சாய்தளம் என்று தனியாக ஒன்று கண்ணுக்கே தெரியாது, கைப்பிடியும் அநேகமாகத் தேவைப்படாது. ஆனால் வீட்டுச் சுவரில் மண் ஏறினால் ஈரம் ஊறும், கரையானும் வரும். அதனால் சுவருக்கும் மண்ணுக்கும் இடையே தனித் தடுப்புச் சுவரோ இடைவெளியோ வேண்டும்.

படிக்கட்டை முழுதாக எடுத்துவிடாதீர்கள். மூட்டுவலிக்காரர்கள், கால் ஒன்று விறைத்தவர்கள் சிலருக்குச் சரிவைவிடக் கைப்பிடியுள்ள தாழ்ந்த படிதான் சுலபம்.

10. பாதைக்கு எந்தப் பொருள் நல்லது? ஜல்லி போட்டா அழகா இருக்குமே?

தளர்வான ஜல்லி வேண்டாம். நாற்காலியின் பெரிய பின்சக்கரம் எப்படியோ போய்விடும், முன்னாலிருக்கும் சின்னச் சக்கரம் புதைந்து நிற்கும். உட்கார்ந்திருப்பவர் முன்பக்கமாகச் சரிவார். கூழாங்கல் பதித்த பாதையும் அப்படியே. முறிவு கண்ட இடுப்புக்கு ஒவ்வொரு கல்லும் தெரியும்.

என் தேர்வு கான்கிரீட். இறுகுவதற்குச் சற்று முன் நடக்கும் திசைக்குக் குறுக்கே துடைப்பத்தால் கோடு இழுத்துவிட்டால் ஈரத்திலும் பிடிக்கும். வெள்ளை வெளேரென்று விடாமல் சற்று மங்கலான நிறம் கலந்துவிடுங்கள், கண்புரை உள்ளவர்களுக்கு வெயிலில் கூசும். தரையில் அடுக்கிப் பதிக்கும் பேவர் கல்லும் நல்லதுதான், ஓரம் மழுங்க வெட்டிய பெரிய கற்கள் வேண்டாம், ஒவ்வொரு இடுக்கிலும் தடதடக்கும். ரெசின் என்ற பிசின் கலந்து கெட்டியாக்கிய சரளை அழகும் உறுதியுமாக இருக்கும். மரப்பலகை போட்டால் பலகை இடுக்கு நடக்கும் திசைக்குக் குறுக்கே வர வேண்டும். நிழலில் பாசி பிடித்தால் பலகையைப் போல வழுக்குவது எதுவும் இல்லை. வழவழப்பான டைல்ஸ் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

11. பேவர் போட்ட ஒரே வருஷத்துல அங்கங்க அமுங்கிடுச்சு. கல் மட்டமா?

கல்லைக் குறை சொல்லாதீர்கள், அடித்தளத்தைப் பாருங்கள். புதர் இருந்த மண் பஞ்சு மாதிரி. செத்த வேர் உள்ளே மட்கும்போது குழி விழும். வேர்களை எடுத்து, 20 செ.மீ. போலத் தோண்டி, கலவை ஜல்லியை இரண்டு மூன்று அடுக்காகக் கொட்டி, ஒவ்வொரு அடுக்கையும் லேசாக நனைத்து இடிப்பு எந்திரத்தால் இறுக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் இடித்தால் கீழே இறுகாது. அதன் மேல் 3 செ.மீ. மணல், பிறகு கல். இரண்டு ஓரத்திலும் ஓரக்கல்லைச் சிமென்டில் பதிக்காவிட்டால் கற்கள் பக்கவாட்டில் விலகும். களிமண் நிலமானால் நனைந்து உப்பும், காய்ந்து சுருங்கும். அங்கே இன்னும் ஆழமாகத் தோண்டுங்கள்.

கல்லுக்குக் கல் உயர வித்தியாசம் 6 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் போனால் வாக்கரின் கால் தட்டும்.

12. மழை பெஞ்சா தண்ணி வீட்டுப் பக்கமே வருது. பாதை போட்டா இன்னும் மோசமாகுமா?

வாட்டம் பார்க்காமல் போட்டால் ஆகும். பாதைக்குப் பக்கவாட்டில் 1:50, அதாவது ஒரு மீட்டர் அகலத்துக்கு 2 செ.மீ. வாட்டம் வீட்டுக்கு எதிர்ப்பக்கமாக இருக்கட்டும். அதற்குமேல் போனால் நாற்காலி ஒரு பக்கமாக இழுக்கும், ஒரு கையால் மட்டும் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய ஒளி ஊடுருவும் குழாய்) பிடித்து நூல் கட்டிப் பாருங்கள், கண் மட்டம் ஏமாற்றும்.

தண்ணீர் சேரும் தாழ்வான மூலையில் ஜல்லி நிரப்பிய உறிஞ்சு குழி ஒன்று தோண்டலாம். பாதையைக் கடக்கும் வடிகாலுக்குக் கம்பி மூடி போட்டால் ஓட்டை 13 மி.மீ.க்குள், நீள இடுக்கு நடக்கும் திசைக்குக் குறுக்காக. இல்லையென்றால் சின்னச் சக்கரமும் ஊன்றுகோல் நுனியும் அதில் போய் மாட்டும்.

13. கதவு நிலைக்கிட்ட ரெண்டு அங்குலம்தான் மேடு. அதைக்கூடவா மாத்தணும்?

அதைத்தான் முதலில் மாற்ற வேண்டும். இரண்டு அங்குலம் என்பது 5 செ.மீ.; நடக்கிறவர்கள் கவனிக்கக்கூட மாட்டார்கள், சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு அது சுவர். எட்டாம் கேள்வியின் கணக்குப்படி இருபுறமும் 60 செ.மீ. நீளத்துக்கு ஆப்பு வடிவில் சரிவு வேண்டும். கதவு திறந்த பிறகு கிடைக்கும் வழி 80 செ.மீ.யாவது இருக்கட்டும், 90 இருந்தால் நிம்மதி.

14. உட்கார்ந்தபடியே செடி வேலை பார்க்கணும்னா பாத்தி எவ்வளவு உயரம்?

எப்படி உட்கார்ந்து என்பதைப் பொறுத்தது. பக்கவாட்டில் நாற்காலியை நிறுத்தித் திரும்பி வேலை செய்தால் 60 செ.மீ. உயரம் போதும்; ஆனால் முதுகு திருகும், அரை மணி நேரத்துக்கு மேல் தாங்காது. முழங்கால் உள்ளே போகும்படி மேசை மாதிரி செய்தால் நேராக உட்கார்ந்தே செய்யலாம். அடியில் 70 செ.மீ. காலி வேண்டும், அதனால் மண் ஆழம் 15 செ.மீ.க்கு மேல் வைத்தால் பாத்தி நெஞ்சுவரை வந்துவிடும். கீரை, புதினா, சின்னப் பூச்செடி இதற்குப் பொருந்தும். நின்று செய்பவர்களுக்கு 80 முதல் 90 செ.மீ.

அகலத்தில்தான் அநேகர் தவறுகிறார்கள். ஒரு பக்கம் மட்டும் எட்டினால் 50 முதல் 60 செ.மீ., இரண்டு பக்கமும் எட்டினால் அதன் இரு மடங்கு. சரியான அளவு வேண்டுமென்றால், அவரை உட்கார வைத்துக் கையை நீட்டச் சொல்லி நாடா பிடியுங்கள். அம்மாவுக்கு 46 செ.மீ.தான் வந்தது, நான் எழுதி வைத்திருந்தது 60.

15. அந்த மேட்டுப் பாத்தியில தோட்டத்து மண்ணையே போடலாமா?

முழுதாகப் போட்டால் எடையும் கூடும், இறுகியும் போகும், கோரைக் கிழங்கும் கூடவே ஏறும். மட்கிய உரம், தென்னைநார்க் கழிவு, கொஞ்சம் மண் என்று கலந்து போடுங்கள். அடியில் வடிகால் ஓட்டை அவசியம். ஆழம் குறைவானதால் தரையைவிடச் சீக்கிரம் காயும்.

16. என்ன செடி வைக்கலாம்? எதெல்லாம் கூடாது?

கூடாததைச் சொல்கிறேன், மற்றது உங்கள் இஷ்டம். பாதையிலிருந்து 60 செ.மீ.க்குள் முள் செடியும், பாதைமேல் சாய்ந்து படரும் கொடியும் வேண்டாம். அரளி, மஞ்சள் அரளி, ஊமத்தை, ஆமணக்கு, குன்றிமணி இவற்றுக்கு விஷம் உண்டு. சின்னக் குழந்தையோ மறதி நோய் உள்ளவரோ புழங்கும் இடமானால் வேரோடு எடுத்துவிடுங்கள். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும். ஆல், அரசு வகை மரங்களின் வேர் பாதையைத் தூக்கிவிடும்.

வாசனைச் செடிகளைக் கை உரசும் உயரத்தில், பாதை ஓரத்தில் வையுங்கள். தரையில் வைத்த மல்லிகை நாற்காலியில் இருப்பவருக்கு எட்டாத தூரம்தான்.

17. அப்பாவுக்குப் பார்வை மங்கல். சரிவு, அகலம் எல்லாம் அவருக்கு என்ன பிரயோஜனம்?

அவருக்கு வேறு கணக்கு. பாதையின் ஓரம் எங்கே முடிகிறது என்று தெரிய வேண்டும். பாதை வெளிர் நிறமானால் ஓரக்கல் அடர் நிறம், அல்லது நேர்மாறாக. படி நுனிகளிலும் சரிவு ஆரம்பிக்கும் இடத்திலும் மாறுபட்ட நிறப் பட்டை போடுங்கள். வெண்கோலோடு நடப்பவரானால், கோல் தரையோடுதான் தடவிப் போகும். 70 செ.மீ.க்கு மேலே சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தொட்டி, அலமாரி, ஏசி எந்திரம் இவற்றைக் கோல் தொடவே தொடாது, நெற்றிதான் தொடும்.

மறதி நோய் உள்ளவருக்குப் பாதை முட்டுச் சந்தாக முடியக் கூடாது. சுற்றி வந்து மீண்டும் கதவிலேயே சேரும் வட்டப் பாதையானால் எங்கே நின்றாலும் வழி தவறாது.

18. தண்ணி ஊத்துறது, குழாய் இதெல்லாம்?

குழாயைத் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்துக்குள் வையுங்கள். திருகும் பிடி வேண்டாம், தட்டினாலே திறக்கும் நெம்புகோல் பிடி வாங்குங்கள். முடக்குவாதக் கைக்கும் அது வசப்படும். ரப்பர் குழாயைப் பாதையில் போட்டுவைப்பதுதான் வீட்டிலேயே பெரிய கண்ணி. சுவரில் சுருட்டி மாட்டுங்கள், அல்லது சொட்டுநீர்க் குழாய் போட்டுவிடுங்கள்.

19. உட்கார ஒரு பெஞ்ச் போட்டா போதும்ல?

பெஞ்ச் 45 முதல் 48 செ.மீ. உயரத்தில், கைப்பிடியும் முதுகுச் சாய்வும் உள்ளதாக இருந்தால் எழுந்திருக்க முடியும். அடியில் காலை உள்ளே இழுத்து ஊன்ற இடம் வேண்டும், கட்டைச் சுவர் மாதிரி அடைத்துக் கட்டாதீர்கள். பெஞ்சுக்குப் பக்கத்திலேயே 90க்கு 120 செ.மீ. கெட்டித் தரை விடுங்கள், நாற்காலியை அங்கே நிறுத்திச் சேர்ந்து உட்காரலாம். எதிரே நிறுத்தினால் ஆஸ்பத்திரியில் நலம் விசாரிக்க வந்த மாதிரி இருக்கிறது.

வாக்கரில் நடப்பவருக்குக் கடைசியில் ஒரு பெஞ்ச் போதாது. பத்துப் பதினைந்து மீட்டருக்கு ஒன்று இருந்தால் துணிந்து கிளம்புவார்.

20. வாடகை வீடு. எதையும் உடைக்க முடியாது. அப்போ?

சாய்தளத்தை அலுமினியத்தில் மடக்கும் வகையாக வாங்கலாம். சரிவுக் கணக்கு எட்டாம் கேள்வியில் சொன்னதேதான். பாதைக்கு, மட்டமாக்கி இறுக்கிய மண்மேல் ஒன்றோடொன்று கோக்கும் பிளாஸ்டிக் தட்டுகளைப் பரப்பலாம், போகும்போது கழற்றிக்கொள்ளலாம். மேட்டுப் பாத்திக்குப் பதிலாக உறுதியான மேசைமேல் தொட்டிகள்.

21. எங்க வீட்ல யாருக்கும் அப்படி எதுவும் இல்லையே. இப்பவே எதுக்கு?

அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ரொனால்ட் மேஸ், ஒன்பது வயதில் போலியோ வந்து சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். எல்லோருக்குமான வடிவமைப்பு என்ற கருத்தை முன்வைத்தவர். அவர் தலைமையிலான குழு 1997இல் அதற்கு ஏழு கொள்கைகளை வெளியிட்டது. ஊனமுற்றவருக்கென்று தனியாக ஒன்று கட்டாமல், முதலிலேயே எல்லோருக்கும் ஆகும்படி கட்டுவதுதான் அதன் சாரம். எங்கள் சாய்தளத்தை அதிகம் பயன்படுத்துவது அம்மா இல்லை. எரிவாயு சிலிண்டர், குழந்தை வண்டி, மண் அள்ளும் தள்ளுவண்டி, எல்லாம் அதில்தான் போகின்றன.

இப்போதைக்குப் பாதையை 120 செ.மீ. அகலத்தில் போட்டு, படி பக்கத்தில் சரிவுக்கு இடம் ஒதுக்கி, அங்கே மரம் வைக்காமல் விட்டாலே போதும். மற்றது தேவைப்படும்போது.

22. "எனக்காக எதுக்கு இவ்வளவு செலவு"ன்னு அவங்களே வேண்டாங்கிறாங்க. என்ன சொல்லி ஒத்துக்க வைக்கிறது?

ஒத்துக்க வைக்க முயலாதீர்கள், வேலையில் இழுத்துவிடுங்கள். அம்மாவும் அப்படித்தான் சொன்னார். எந்தச் செடி எந்தப் பக்கம், பெஞ்ச் எந்த மரத்தடியில் என்று கேட்க ஆரம்பித்ததும் கொத்தனாரையே அதட்டத் தொடங்கினார். சிலர் வேண்டாம் என்பதற்குச் செலவு காரணமாக இருக்காது. நாற்காலியில் இருப்பதை அக்கம்பக்கத்தார் பார்ப்பார்களே என்ற கூச்சமாக இருக்கும். அப்போது வேலியோரம் உயரமாக ஒரு செடிவரிசை வைத்தால் பாதிப் பேச்சு முடிந்துவிடும்.

23. செஞ்சு முடிச்சப்புறம் பராமரிப்பு நிறைய இருக்குமா?

இருக்கும், ஆனால் காட்டை வெட்டியது போல இருக்காது. வாரம் ஒரு முறை பாதையைக் கூட்டுங்கள். நிழலான இடங்களில் மழைக்காலத்தில் கெட்டித் துடைப்பத்தால் பாசியைத் தேய்த்துவிடுங்கள். மூடாக்கு மட்கித் தேய்ந்துகொண்டே போகும், வருடத்துக்கு ஒரு தடவை திரும்ப நிரப்புங்கள். கைப்பிடியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கோரை வரும், நான்காம் கேள்வியைத் திரும்பப் படியுங்கள்.

24. நீங்க சொன்னபடி எல்லாம் செஞ்சாச்சு. ஆனா அவங்க வெளியவே போறதில்லை. எங்க தப்பு?

கேட்டதும் சிரித்துவிட்டேன், எங்கள் வீட்டிலும் இதே கதைதான். எல்லாம் முடிந்து பத்து நாள் ஆகியும் அம்மா கொல்லைப் பக்கம் தானாகப் போகவில்லை. நாங்கள் கூட்டிக்கொண்டு போனால் வருவார், அவ்வளவுதான். கால் வலியா, பயமா, பிடிக்கவில்லையா என்று ஆளாளுக்கு யோசித்தோம். கடைசியில் கேட்டபோது சொன்னார்: "தாழ்ப்பாள் மேல இருக்கே, யாரைக் கூப்பிடறது?"

ஆக, கதவிலிருந்து திரும்ப ஆரம்பியுங்கள். தாழ்ப்பாளும் பிடியும் 90 முதல் 100 செ.மீ. உயரத்தில் இருக்கிறதா? கதவு கனமா? வெளியே போனால் அவசரத்துக்குக் கழிவறைக்குத் திரும்பி வர எவ்வளவு நேரம்? நடுவழியில் விழுந்தால் கூப்பிட மணியோ கைபேசியோ உண்டா? அவர் போக நினைக்கும் நேரத்தில் அங்கே நிழல் இருக்கிறதா?

தாழ்ப்பாளைக் கீழே இறக்கிப் பொருத்த ஆசாரிக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. மறுநாள் காலை நான் எழுந்தபோது கொல்லைக் கதவு திறந்து கிடந்தது. புதினாத் தொட்டியை ஏன் இவ்வளவு தள்ளி வைத்தாய் என்று வெளியிலிருந்து குரல் வந்தது.